44-க்கு முன்னால் எத்தனை பூஜ்யம்?

தொலைபேசியில் 44 என்ற இரண்டு இலக்கங்கள் நம்மை எங்கே கொண்டுபோய்ச் சேர்க்கும் என்ற கேள்விக்கு ஒற்றை விடை இல்லை. சென்னையில் இருக்கும் ஒரு லேண்ட்லைனில் முன்னால் எதையும் போடாமல் 44 என்று தொடங்கினால், இதே ஊரில் தனியார் நிறுவனத்தின் இணைப்பு வைத்திருக்கும் யாரோ ஒருவருடைய எட்டு இலக்க எண்ணின் தொடக்கமாக அது கொள்ளப்படும். அதற்கு முன்னால் ஒரு பூஜ்யம் சேர்த்தால், அதுவே வெளியூர் அழைப்புகளில் சென்னை என்ற ஊரைக் குறிக்கும் எஸ்.டி.டி. கோடு ஆகிவிடும். இரண்டு பூஜ்யம் சேர்த்தாலோ அழைப்பு கடல் கடந்து பிரிட்டனுக்குப் போய்விடும், ஏனென்றால் உலகத் தொலைபேசி வரிசையில் அந்த நாட்டுக்குக் கொடுக்கப்பட்ட எண் 44. இலக்கங்கள் அதேதான், அவற்றுக்கு முன்னால் நிற்பது என்ன என்பதுதான் ஊரையும் நாட்டையும் மாற்றுகிறது.

இது வெறும் பொது அறிவுத் துணுக்கு அல்ல என்பதற்காக அண்மையில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். எங்கள் தண்டையார்பேட்டைத் தெருவில் இட்லிக் கடை நடத்தும் அக்கா ஒருவர், தம் கைபேசியில் +44 என்று தொடங்கும் எண்ணிலிருந்து வந்திருந்த வாட்ஸ்அப் அழைப்பை என்னிடம் காட்டினார்.

"தம்பி, இது நம்ம மெட்ராஸ் நம்பர்தான? நாப்பத்திநாலுன்னு இருக்குது. பேங்க்ல இருந்து பேசறோம்னு சொல்றாங்க."

"இல்லக்கா, முன்னாடி பிளஸ் இருக்குது பாருங்க. இது லண்டன் பக்கத்து நம்பர். நம்ம ஊருன்னா பிளஸ் தொண்ணூத்தியொண்ணுக்கு அப்புறம்தான் நாப்பத்திநாலு வரும்."

அவர் அந்த அழைப்பை எடுத்துப் பேசியிருந்தும் நல்லவேளையாக எந்த ஓ.டி.பி.யையும் சொல்லியிருக்கவில்லை. அந்த எண்ணை வைத்திருந்தவர் உண்மையில் லண்டனில்தான் இருந்தார் என்றும் சொல்லிவிட முடியாது. வாட்ஸ்அப்பில் ஒரு நாட்டின் எண்ணைப் பதிவு செய்துகொண்டவர் உலகத்தின் எந்த மூலையிலிருந்தும் பேசலாம். ஆனால் இந்திய வங்கி ஒன்று தன் வாடிக்கையாளரைப் பிரிட்டன் எண்ணிலிருந்து அழைக்காது என்ற ஒரு முடிவுக்கு வருவதற்கு முதல் மூன்று எழுத்துகளே போதுமானவை. அந்த மூன்றைப் படிக்கும் பழக்கம் வடசென்னையில் ஒரு காலத்தில் பரவலாக இருந்தது என்பதும், இன்று அது தேய்ந்துவிட்டது என்பதும்தான் என்னை இந்தக் கட்டுரையை எழுத வைத்தன.

பரவலாக இருந்ததற்குக் காரணம் எஸ்.டி.டி. பூத்துகள். திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் அண்ணன் ஒருவர் நடத்திய பூத்தில், 1990களில், கல்லூரி விட்டு வந்த மாலை வேளைகளில் நான் உட்கார்ந்திருப்பேன். துறைமுகத்துக்குச் சரக்கு ஏற்றி வரும் லாரிக்காரர்கள் வண்டியை ஓரங்கட்டிவிட்டு நாமக்கல்லுக்கும் சங்ககிரிக்கும் பேச வருவார்கள். காசிமேட்டில் படகு வேலைக்கு வந்தவர்கள் நாகப்பட்டினத்துக்குப் பேசுவார்கள். மண்ணடிப் பக்கத்திலிருந்து யாராவது கொழும்புக்கு ஐ.எஸ்.டி. கேட்பார்கள். நாமக்கல் 04286, சங்ககிரி 04283, நாகை 04365 என்பதெல்லாம் கண்ணாடிக் கூண்டின் பின்சுவரில் ஒட்டப்பட்டிருந்தாலும், வருகிறவர்களில் பலர் அதைப் பார்க்கமாட்டார்கள். ஊரின் பெயரைச் சொல்வதைப் போலவே கோடையும் வாயால் சொல்லிக்கொண்டு உள்ளே நுழைவார்கள். சிவப்பு இலக்கங்கள் ஓடும் மீட்டர் ஒன்று மேசைமேல் இருக்கும். முதலில் அழுத்திய எண், அடுத்து நொடிகள், அதற்கடுத்து ரூபாய் என்று அது காட்டிக்கொண்டே போகும். தொலைவு கூடக் கூட மீட்டரின் துடிப்பு விரைவாக விழும் என்பதும், இரவு ஏற ஏறக் கட்டணம் பாதி, கால் என்று இறங்கும் என்பதும் அந்தக் கூண்டுக்கு வெளியே வரிசையில் நின்ற ஒவ்வொருவருக்கும் தெரிந்திருந்தன. கோடு என்பது பணத்தோடு நேரடியாகக் கட்டப்பட்டிருந்தது. அதனால் அதைக் கவனமாகப் படித்தார்கள்.

அந்தக் கோடுகளின் உள்ளமைப்பைப் புரிந்துகொள்ள, அழைப்புகளை இணைத்துவிடும் எக்ஸ்சேஞ்ச் ஒரு எண்ணை எப்படிக் கேட்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். நாம் கடிதத்தின் உறையில் பெயரை முதலில் எழுதி, தெரு, ஊர், மாநிலம் என்று விரித்துக்கொண்டே போகிறோம். தொலைபேசி எண் இதற்கு நேர் எதிராக, பெரிய வட்டத்திலிருந்து சிறிய வட்டத்துக்குச் செல்கிறது: முதலில் நாடு, பிறகு பகுதி, பிறகு எக்ஸ்சேஞ்ச், கடைசியில் வீடு. இந்த வரிசைக்குக் காரணம் பழைய இயந்திரங்கள். அமெரிக்காவின் கான்சாஸ் சிட்டியில் பிணங்களை அடக்கம் செய்யும் தொழில் நடத்திவந்த ஆல்மன் ஸ்ட்ரௌஜர் என்பவர் 1891இல் காப்புரிமை பெற்ற தானியங்கி இணைப்புக் கருவிதான் இதற்கெல்லாம் மூலம். அதன் வழியில் வந்த எக்ஸ்சேஞ்சுகளில், நாம் சுழற்றும் ஒவ்வொரு இலக்கமும் உலோகக் கை ஒன்றை அத்தனை படிகள் மேலே ஏற்றும். 4 சுழற்றினால் நான்கு துடிப்புகள், நான்கு படிகள். அடுத்த இலக்கம் அடுத்த கருவியை நகர்த்தும். முழு எண்ணையும் வாங்கி வைத்துக்கொண்டு யோசித்து முடிவெடுக்கும் வசதி அந்த இயந்திரங்களுக்குக் கிடையாது. ஒவ்வொரு இலக்கமும் வந்த அந்தக் கணமே ஒரு கதவைத் திறந்து மற்றவற்றை அடைத்துவிடும். அதனால் எண் எந்த வகையைச் சேர்ந்தது என்பது முதல் இலக்கத்திலேயே தெரிந்தாக வேண்டியிருந்தது.

பூஜ்யம் வெளியூருக்கான வாசலாக ஆனது இந்த இடத்தில்தான். பழைய சுழல் டயலில் பூஜ்யம் என்றால் ஒன்றுமில்லை என்று பொருள் அல்ல. அது பத்துத் துடிப்புகள், அதாவது மேலே ஏற முடிந்த கடைசிப் படி. டயல் நொடிக்குப் பத்துத் துடிப்பு வீதம் திரும்பும் என்பதால் ஒரு பூஜ்யம் சுழன்று முடிய ஒரு முழு நொடி ஆகும். அந்தப் படியை வெளியூருக்குப் போகும் டிரங்க் வழிக்கு ஒதுக்கினார்கள். ஒன்று என்ற படியைச் சிறப்புச் சேவைகளுக்கு வைத்துக்கொண்டார்கள்: 100 காவல்துறை, 101 தீயணைப்பு, 197 எண் விசாரணை, 198 பழுதுப் புகார், பின்னாளில் வந்த 108 ஆம்புலன்ஸ் வரை எல்லாமே ஒன்றில் தொடங்குவது இதனால்தான். எஞ்சிய 2 முதல் 9 வரையிலான எட்டுப் படிகள் மட்டுமே உள்ளூர் வீடுகளுக்கும் கடைகளுக்கும் கிடைத்தன. மாநகராட்சிக்குப் புகார் சொல்ல 1913 அழுத்தும்போது, யாரும் நினைத்துப் பார்க்காவிட்டாலும், அந்த முதல் ஒன்றுதான் நம்மை வீட்டு எண்களின் பாதையிலிருந்து விலக்கி வேறு வழியில் அனுப்புகிறது.

தொலைபேசிப் பணியாளரின் உதவி இல்லாமல் சந்தாதாரரே தொலைதூர ஊருக்கு டயல் செய்யும் முறை அமெரிக்காவில் 1951லும் பிரிட்டனில் 1958லும் தொடங்கியது. இந்தியாவில் முதல் எஸ்.டி.டி. வழி 1960இல் கான்பூருக்கும் லக்னோவுக்கும் இடையே திறக்கப்பட்டது. அதற்கு முன் டிரங்க் காலுக்குப் பதிவு செய்துவிட்டு மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அவசரமானால் கூடுதல் கட்டணத்தில் அர்ஜென்ட், அதற்கும் மேல் லைட்னிங் என்ற வகைகள் இருந்தன. அமெரிக்கர்கள் 1947இல் தங்கள் பகுதிக் குறியீடுகளை வகுத்தபோது, அதிக அழைப்புகள் வரும் ஊர்களுக்குக் குறைந்த துடிப்புகள் கொண்ட எண்களைக் கொடுத்தார்கள். நியூயார்க்குக்கு 212 என்றால் மொத்தம் ஐந்து துடிப்பு, சிகாகோவுக்கு 312 என்றால் ஆறு. நம் நாட்டில் டெல்லிக்கு 11, மும்பைக்கு 22, கொல்கத்தாவுக்கு 33, சென்னைக்கு 44 என்று அமைந்தது. சுழல் டயலில் டெல்லி இரண்டு துடிப்பில் முடிந்துவிடும். நம் ஊர் எட்டுத் துடிப்பு. 1996இல் மெட்ராஸ் சென்னை ஆனபோதும் அந்த 44-ஐ யாரும் தொடவில்லை.

இந்தியக் குறியீடுகளில் முதல் இலக்கமே பெரும்பாலும் திசையைச் சொல்லிவிடும். 1 வடக்கு, 2 மேற்கு, 3 கிழக்கு, 4 தெற்கு. தமிழ்நாடும் புதுச்சேரியும் 41 முதல் 46 வரையிலும், கேரளம் 47 முதல் 49 வரையிலும் அமைந்திருக்கின்றன. ஆந்திரத்தின் பெரும்பகுதியும் கர்நாடகமும் 8 என்ற வரிசைக்குள் வருகின்றன. இதற்குள் இருக்கும் ஒரு விதி எனக்கு மிகவும் பிடித்தமானது: எந்த ஊரின் கோடும் இன்னோர் ஊரின் கோடுக்குத் தொடக்கமாக இருக்கக் கூடாது. கோவைக்கு 422 கொடுத்த பிறகு, 4221 என்றோ 4225 என்றோ எந்த ஊருக்கும் கொடுக்க முடியாது. கொடுத்தால் 422 வந்தவுடன் எக்ஸ்சேஞ்ச் கோவையோடு நிற்பதா, அடுத்த இலக்கத்துக்குக் காத்திருப்பதா என்று தெரியாமல் தவிக்கும்.

பூஜ்யத்துக்குப் பிறகு வரும் இலக்கங்களை எக்ஸ்சேஞ்சின் இடத்தில் நின்று கேட்டுப் பாருங்கள். 4 வந்தது, தெற்கு என்பது மட்டும் உறுதி. அடுத்து மீண்டும் 4 வந்தால் முடிந்தது, இது சென்னை, இன்னும் எட்டு இலக்கங்கள் வர வேண்டும். இரண்டாவதாக 2 வந்தால் கொங்கு நாட்டுப் பக்கம்; ஆனால் ஊர் தெரியாது. மூன்றாவது 1 ஆனால் திருப்பூர், 2 ஆனால் கோவை, 3 ஆனால் உதகை, 4 ஆனால் ஈரோடு, 7 ஆனால் சேலம். இவை ஒவ்வொன்றுக்கும் பிறகு ஏழு இலக்கங்கள். மூன்றாவது 8 ஆக இருந்தால் இன்னும் ஊர் முடிவாகவில்லை, நான்காவதையும் கேட்க வேண்டும்: 4286 நாமக்கல், 4283 சங்ககிரி, அதன் பிறகு ஆறு இலக்கங்கள். இரண்டும் எட்டும், மூன்றும் ஏழும், நான்கும் ஆறும் எப்படிக் கூட்டினாலும் பத்துதான். பெரிய ஊருக்குச் சிறிய கோடும் நீண்ட உள்ளூர் எண்ணும், சிறிய ஊருக்கு நீண்ட கோடும் சிறிய உள்ளூர் எண்ணும் என்ற இந்தப் பங்கீடு, நாடு முழுவதையும் ஒரே பத்து இலக்கச் சட்டத்துக்குள் உட்கார வைக்கிறது. இரண்டு இலக்கக் கோடு பெற்ற ஊர்கள் இந்தியாவிலேயே எட்டுதான்: டெல்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை, பெங்களூரு, ஹைதராபாத், அகமதாபாத், புணே.

இந்தக் கணக்கு வடசென்னைக் கடைப் பலகைகளில் எழுதி வைத்தாற்போல் இருக்கும். பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில், பெயின்ட் உரிந்த ஒரு பழைய தகரப் பலகையை நின்று பார்த்தால், ஏழு இலக்க எண் ஒன்று நன்றாக இடைவெளி விட்டு, ஓவியரின் தேர்ந்த கையால் எழுதப்பட்டிருக்கும். அதற்கு முன்னால், இடமே இல்லாத இடத்தில், வேறு நிறத்தில், சற்றே சாய்ந்தாற்போல் ஒரு 2 திணிக்கப்பட்டிருக்கும். 2000களின் தொடக்கத்தில் சென்னையின் ஏழு இலக்க எண்கள் எட்டு இலக்கமாக்கப்பட்டதன் தடயம் அது. ஏழு இலக்கத்தில், 0, 1 என்ற இரு தொடக்கங்களையும் கழித்துவிட்டால், ஓர் ஊருக்கு அதிகபட்சம் 80 லட்சம் எண்கள்தான் கிடைக்கும். தனியார் நிறுவனங்கள் லேண்ட்லைன் தொழிலுக்குள் வந்தபோது அவர்களுக்குத் தனி வரிசைகள் தேவைப்பட்டன. ஏற்கெனவே இருந்த எல்லா எண்களுக்கும் முன்னால் ஒரு 2-ஐப் போட்டதும், பி.எஸ்.என்.எல்.லின் முழு ஊரும் 2 என்ற ஒரே படிக்குள் அடங்கிவிட்டது. ஒரு படியில் ஒரு கோடி எண்கள் கொள்ளும் என்பதால் அதற்குள்ளேயே இடம் மிச்சமும் இருந்தது. 3, 4, 6 போன்ற மற்ற படிகள் புதியவர்களுக்குத் திறந்துவிடப்பட்டன. ஏர்டெல்லுக்கு 4 வந்தது அப்படித்தான். ஒருவரின் எண்ணையும் அழிக்காமல், யாருடைய பழைய இலக்கத்தையும் மாற்றாமல், முன்னால் ஒன்றைச் சேர்த்ததன் மூலமே ஊரைப் பெரிதாக்கிய அந்த ஏற்பாடு, அரசுத் துறை ஒன்று செய்த மிக நேர்த்தியான வேலைகளில் ஒன்று என்று நான் நினைக்கிறேன்.

அந்த 2-க்கு அடுத்த இலக்கத்திலும் ஊர் இருக்கிறது. ராயபுரம், வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் என்று எங்கள் பக்கத்துப் பழைய எண்கள் 25 என்று தொடங்கும். தியாகராய நகர், அடையாறு பக்கம் 24. முகவரி சொல்லாமல் எண்ணை மட்டும் சொன்னாலே, பேசுகிறவர் பாலத்துக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று தெரிந்துவிடும். பெண் பார்க்க வந்தவர்களின் விசிட்டிங் கார்டில் 25 இருப்பதைப் பார்த்து, "நம்ம பக்கந்தான் போல" என்று சொன்ன பெரியவர்களை நான் கேட்டிருக்கிறேன். வீட்டில் இணைப்பு இல்லாதவர்கள் பக்கத்து வீட்டு எண்ணை அச்சிட்டு, அருகில் பி.பி. என்று போட்டுக்கொண்ட காலமும் அதுவே.

044-இன் எல்லை எங்கே முடிகிறது என்பதைப் பார்க்க விரும்புகிறவர்கள் கும்மிடிப்பூண்டி வழியில் புறநகர் ரயில் ஏற வேண்டும். கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர், அத்திப்பட்டு, மீஞ்சூர், பொன்னேரி, கும்மிடிப்பூண்டி என்று நிலையங்கள் கடந்துகொண்டே போனாலும், கடைப் பலகைகளில் அதே 044 கூடவே வரும். திருவள்ளூர் மாவட்டத்துக்குள் வெகுதூரம் வந்துவிட்ட பிறகும் தொலைபேசிக்கு நாம் இன்னும் சென்னையில்தான் இருக்கிறோம். உள்ளூர் எண் மட்டும் 27 என்று தொடங்கும். காஞ்சிபுரம், செங்கல்பட்டு, திருவள்ளூர் ஆகியவையும் இதே 044-க்குள்தான் இருக்கின்றன. காஞ்சிக்கு 04112 என்றும் செங்கல்பட்டுக்கு 04114 என்றும் தனிக் கோடுகள் இருந்ததை பூத்தில் உட்கார்ந்தவன் என்ற முறையில் நான் மறக்கவில்லை. ரயில் ஆரம்பாக்கத்தைத் தாண்டி ஆந்திர எல்லைக்குள் நுழைந்ததும் 044 அறுந்துவிடும். தடாவுக்கும் சூலூர்பேட்டைக்கும் 08623. ஒரே ரயில், பெட்டிக்குள் ஒரே மாதிரி தமிழும் தெலுங்கும் கலந்த பேச்சு, ஆனால் தென்னகத்தின் 4 முடிந்து 8 தொடங்குகிறது.

இந்த எல்லைகள் தொலைபேசித் துறை வகுத்த கட்டணப் பகுதிகளை ஒட்டியவை. ஏறக்குறைய ஒரு தாலுகா அளவிலான குறுந்தொலைவுக் கட்டணப் பகுதிகள் நாடு முழுவதும் 2,647. அவற்றை உள்ளடக்கிய நெடுந்தொலைவுக் கட்டணப் பகுதிகள் 322. மாநகராட்சியின் எல்லைக்கும் இதற்கும் தொடர்பு இல்லை. திருவொற்றியூரும் கத்திவாக்கமும் மணலியும் மாதவரமும் மாநகராட்சிக்குள் சேர்க்கப்பட்டது 2011இல்தான். அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே எங்கள் மக்கள் 044 என்று எழுதிக்கொண்டிருந்தார்கள். குடிநீருக்கும் சாலைக்கும் நாங்கள் சென்னையின் பகுதியா என்று கேள்வி எழுந்த காலத்தில், அந்தக் கேள்வியே எழாமல் எங்களைச் சென்னையாகக் கணக்கிட்ட ஓர் ஏற்பாடு இருந்தது என்பதை நான் நன்றியோடு நினைக்கிறேன்.

நாடுகளின் எண்களும் இதே விதியில்தான் நிற்கின்றன. 1960களில் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் குழு உலகத்தை ஒன்பது மண்டலங்களாகப் பிரித்தது. 1 வட அமெரிக்கா, 2 பெரும்பாலும் ஆப்பிரிக்கா, 3, 4 ஐரோப்பா, 5 தென் அமெரிக்கா, 6 தென்கிழக்கு ஆசியாவும் ஆஸ்திரேலியாவும், 7 அன்றைய சோவியத் ஒன்றியம், 8 கிழக்கு ஆசியா, 9 நம்மையும் மேற்காசியாவையும் சேர்த்த மண்டலம். தொலைபேசிகள் பெருகும் என்று எதிர்பார்த்த நாடுகளுக்குச் சிறிய எண் கிடைத்தது. 91 இந்தியா, 92 பாகிஸ்தான், 93 ஆப்கானிஸ்தான், 94 இலங்கை, 95 பர்மா என்று அடுத்தடுத்து வரிசையாக அமைந்திருப்பது வடசென்னைக்காரர்களுக்குத் தனிப் பொருள் உடையது. பர்மாவிலிருந்து திரும்பி வந்து வியாசர்பாடியில் குடியேறிய குடும்பங்களுக்கு 95 என்பது உறவினர் வீடு. மண்ணடி வணிகர்களுக்கு 94 என்பது கொழும்பு. 96, 97 என்ற தொடக்கங்கள் மூன்றாவது இலக்கத்தைக் கேட்டால்தான் நாடாகும்: 965 குவைத், 966 சவுதி, 968 ஓமன், 971 அமீரகம், 974 கத்தார். பூத்தில் இவற்றைத் தப்பில்லாமல் சொன்னவர்களில் பள்ளிக்கூடம் போகாத பெண்களும் உண்டு. கணவரும் மகனும் அங்கே இருந்தார்கள்.

ஒரு நாட்டுக்குள் இருக்கும் ஊர்க் கோடு இன்னொரு நாட்டுக்குள் வேறு ஊராக இருப்பதில் எந்தத் தடையும் இல்லை. 011 என்றால் நமக்கு டெல்லி, இலங்கையில் இருப்பவர்களுக்குக் கொழும்பு. 020 நமக்குப் புணே, பிரிட்டனில் லண்டன். அமெரிக்காவிலோ 011 என்பது ஊரே அல்ல, வெளிநாட்டுக்கான வாசல். நாம் 00 போடும் இடத்தில் அவர்கள் 011 போடுகிறார்கள். நாட்டுக்கு நாடு மாறும் இந்த வாசல் எண்ணுக்குப் பதிலாகத்தான் + என்ற குறி வந்தது. நாம் எந்த நாட்டில் நின்றாலும் அந்த நாட்டுக்குரிய வாசல் எண்ணைக் கைபேசி வலையமைப்பே போட்டுக்கொள்ளும். + குறிக்குப் பிறகு வருவது நாட்டு எண்ணிலிருந்து தொடங்கி அதிகபட்சம் 15 இலக்கங்கள் வரை இருக்கலாம் என்பது உலக ஒப்பந்தம்.

இந்த இடத்தில் பாரிமுனை அச்சகங்களில் அடிக்கப்படும் விசிட்டிங் கார்டுகளைப் பற்றி ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அவற்றில் கணிசமானவற்றில் +91 044 என்று அச்சிட்டிருக்கிறார்கள். 044-இல் உள்ள பூஜ்யம் இந்தியாவுக்குள் நின்று வெளியூருக்கு அழைக்கிறவர் தட்டும் கதவு. ஊரின் பெயர் 44 மட்டுமே. வெளிநாட்டிலிருந்து அழைப்பவர் +91 வழியாக ஏற்கெனவே உள்ளே வந்துவிட்டார், அவருக்கு அந்தக் கதவு தேவையில்லை. துபாயிலோ சிங்கப்பூரிலோ இருக்கும் வாடிக்கையாளர் அந்த அட்டையில் உள்ளபடியே அழுத்தினால் அழைப்பு சேராது. +91 44 என்று எழுதி, பிறகு எட்டு இலக்கங்களை எழுதுவதுதான் சரி. இத்தாலி போல உள்ளூர்ப் பூஜ்யத்தை வெளியிலிருந்து அழைக்கும்போதும் விடாமல் போடச் சொல்லும் நாடுகள் உண்டு; நம் நாடு அப்படி அல்ல.

கைபேசி வந்தபோது, எண்ணிலிருந்த ஊர் போய் நிறுவனம் வந்தது. 1995இல் சென்னையில் ஆர்.பி.ஜி., ஸ்கைசெல் என்ற இரு நிறுவனங்கள் சேவை தொடங்கின. பிற்பாடு ஏர்செல்லாக மாறியதன் எண்கள் 98410 என்றும், ஏர்டெல்லுக்குச் சென்றதன் எண்கள் 98400 என்றும் தொடங்கின. பி.எஸ்.என்.எல். 94440-உடன் வந்தது. அந்த ஐந்து இலக்கங்களும் நிறுவனத்தையும், எந்த வட்டம், அதாவது எந்தச் சேவைப் பகுதி, என்பதையும் சொல்லின. 2011 ஜனவரியில் எண்ணை மாற்றாமல் நிறுவனத்தை மாற்றிக்கொள்ளும் வசதி நாடு முழுவதும் வந்ததும் முதல் செய்தி பொய்யானது; 2015 ஜூலையில் வட்டம் தாண்டியும் எண்ணை எடுத்துச்செல்லலாம் என்றானதும் இரண்டாவதும் போயிற்று. ஏர்செல்லே இல்லாமல் போன பிறகும், அந்த 98410 எண்கள் வேறு நிறுவனங்களின் சிம்களில் உயிரோடு இருக்கின்றன. பி.எஸ்.என்.எல். 2006 மார்ச்சில் இந்தியா முழுவதற்கும் நிமிடத்துக்கு ஒரு ரூபாய் என்று அறிவித்தபோதே, கோடைப் படித்துத் தொலைவைக் கணக்கிடும் தேவை முடிவுக்கு வரத் தொடங்கியிருந்தது. பூத்துகளும் ஜெராக்ஸ் கடைகளாகவும் ரீசார்ஜ் கடைகளாகவும் மாறின.

ஆனால் முன்னொட்டுகள் மறைந்துவிடவில்லை, வேறு வேலைக்குப் போயிருக்கின்றன. விளம்பர அழைப்புகளுக்கு 140 என்ற தொடக்கம் ஒதுக்கப்பட்டிருக்கிறது. வங்கி போன்ற நிறுவனங்கள் தம் வாடிக்கையாளர்களோடு சேவைக்காகப் பேசும் அழைப்புகளுக்கு 160 என்ற வரிசையை 2024இல் தொலைத்தொடர்புத் துறை அறிமுகப்படுத்தியது. 1600 என்று தொடங்கும் எண்ணைப் பார்த்தால் அழைப்பது உண்மையான நிறுவனம் என்று மக்கள் அடையாளம் காண வேண்டும் என்பதே அதன் நோக்கம். இட்லிக் கடை அக்காவுக்கு நான் அதையும் சொல்லிவைத்தேன். இந்த நோக்கம் நிறைவேற வேண்டுமானால், 140-க்கும் 1600-க்கும் +44-க்கும் உள்ள வேறுபாட்டை ரேஷன் கடைச் சுவரிலும் வங்கிக் கிளை வாசலிலும் தமிழில் பெரிதாக எழுதி வைக்க வேண்டும். ஒரு காலத்தில் பூத்துச் சுவர்கள் செய்த வேலை அது.

பூஜ்யமும் திரும்பி வந்திருக்கிறது. 2021 ஜனவரி 15 முதல், லேண்ட்லைனிலிருந்து எந்தக் கைபேசிக்கு அழைத்தாலும் முன்னால் 0 போட வேண்டும் என்ற விதி நடைமுறையில் உள்ளது. முன்னால் வாசல் எண் இல்லாவிட்டால், உள்ளூர் லேண்ட்லைன் எண்களுக்குக் கொடுக்கப்பட்ட 2, 3, 4, 6 போன்ற தொடக்கங்களைக் கைபேசிக்குக் கொடுக்க முடியாது, எக்ஸ்சேஞ்ச் குழம்பிவிடும். ஒரு பூஜ்யத்தைக் கட்டாயமாக்கியதில் 254 கோடிக்கும் மேற்பட்ட புதிய எண்களுக்கு இடம் கிடைக்கும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் கணக்கிட்டது. ஸ்ட்ரௌஜரின் உலோகக் கைகள் போய்க் கணினி வந்த பிறகும், முதல் இலக்கத்திலேயே வகையைச் சொல்லிவிட வேண்டும் என்ற பழைய விதி அப்படியேதான் இருக்கிறது.

2025 பிப்ரவரியில் டிராய் இன்னொரு படி மேலே போய், லேண்ட்லைனிலிருந்து பக்கத்துத் தெரு லேண்ட்லைனுக்கு அழைத்தாலும் 0, ஊர்க் கோடு, உள்ளூர் எண் மூன்றையும் சேர்த்தே டயல் செய்ய வேண்டும் என்று பரிந்துரைத்தது. இருக்கும் எண்கள் எதுவும் மாறாது. ஆனால் எண் ஒதுக்கீடு தாலுகா அளவிலான கட்டணப் பகுதியை விட்டு, மாநில அளவிலான உரிமப் பகுதியை அடிப்படையாகக் கொள்ளும். கோடையும் சேர்த்து டயல் செய்யச் சொல்லும் முதல் பரிந்துரையை நான் முழுமனதோடு வரவேற்கிறேன், ஏனென்றால் ஒவ்வோர் ஊர்க் கோடுக்குள்ளும் பயன்படாமல் தேங்கிக் கிடக்கும் எண்கள் அதனால் வெளியே வரும். ஒதுக்கீட்டை மாநில அளவுக்கு மாற்றும் இரண்டாவதில்தான் எனக்குத் தயக்கம். புதிய லேண்ட்லைன் எண்கள் கொடுக்கப்படும்போது 44 என்பது தொடர்ந்து பொன்னேரி முதல் மதுராந்தகம் வரையிலான இந்த நிலப்பரப்புக்கே உரியதாக இருக்கும்படி விதியிலேயே எழுதிவிடுவது நல்லது. கைபேசியில் இழந்த ஊரை லேண்ட்லைனிலும் இழக்க வேண்டிய கட்டாயம் எதுவும் தொழில்நுட்பத்தில் இல்லை.

எங்கள் பகுதியில் மருந்துக் கடை, கிளினிக், பள்ளிக்கூடம், திருமண மண்டபம் ஆகியவற்றின் பலகைகளில் பெரும்பாலானவை இன்னும் எட்டு இலக்கங்களை மட்டுமே எழுதி நிறுத்தியிருக்கின்றன. அடுத்த முறை பெயின்டரைக் கூப்பிடும்போது 044-ஐச் சேர்த்து எழுதச் சொல்லுங்கள். வெளிநாட்டு வாடிக்கையாளர் உள்ளவர்கள் பூஜ்யத்தை விட்டுவிட்டு +91 44 என்று எழுதச் சொல்லுங்கள்.